ஜிமிக்கி சாயாத மேசை விரிப்பு

கண்காட்சிகளில் ஸ்டாலோடு தரும் வழவழ சாட்டின் விரிப்பில் என் டெரகோட்டா ஜிமிக்கி ஸ்டாண்டுகள் நிற்கவே நிற்காது. மின்விசிறி திரும்பினால் துணியோடு சாயும். அதனால் கருநீலக் காடாத் துணியில் நானே தைத்துக்கொண்டேன். மேசை 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம். துணியின் பன்னா, அதாவது அகலம், 44 அங்குலம்தான், தரைவரை எட்டாது. மேல்விரிப்பையும் முன்பக்கத் திரையையும் தனித்தனியாக வெட்டி, மேசை விளிம்பில் சேரும்படி வெல்க்ரோ தைத்தேன். அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க வேண்டுமா, பர்ரென்று பிரித்துக்கொள்ளலாம். வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், காடா நன்றாகச் சுருங்கும். அப்புறம், திரையின் கீழ்மடிப்புக்குள் சாணுக்கு ஒன்றாக வாஷர் வைத்துத் தைத்ததில் காற்றுத் தொல்லை தீர்ந்தது. எவர்சில்வர் வாஷராகப் பார்த்து வாங்குங்கள். இரும்பு என்றால் துவைக்கத் துவைக்கத் துருக்கறைதான்.