எத்தனை சதவீதம் என்பதை விட, எதில் என்று பாருங்கள்

ஆடித் தள்ளுபடிக்கு 50% + 20% என்று பலகை வைத்திருந்தால் நம் மனம் உடனே 70 என்று கூட்டிவிடும். ஆயிரம் ரூபாய்ப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாதி போய் 500. அடுத்த 20 சதவீதம் அந்த ஐந்நூறில்தான் கழியும், ஆயிரத்தில் இல்லை, அதாவது 100. பில் 400, தள்ளுபடி 60 சதவீதம்தான். சதவீதக் கணக்கில் நாம் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இதே ரகம்: எத்தனை என்று பார்க்கிறோம், எதில் என்று பார்ப்பதில்லை.

நகைக்கடையில் இது பெரிய தொகை. அத்தையோடு ஒருமுறை சங்கிலி எடுக்கப் போயிருந்தேன். ஒரு கடையில் ‘சேதாரத்தில் 25% தள்ளுபடி’ என்று வாசலிலேயே எழுதியிருந்தது, பக்கத்துக் கடையில் தள்ளுபடி எதுவும் கிடையாது, சேதாரம் 11% என்று மட்டும் சொன்னார்கள். அத்தைக்கு முதல் கடைதான் பிடித்தது. எஸ்டிமேட் சீட்டை வாங்கிப் பார்த்தால் சேதாரம் 16% என்று போட்டு, அதில் கால் பங்கு கழித்து 12 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்! கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பவுனுக்குத் தங்கம் மட்டும் 72,000. அதில் 12% என்றால் 8,640, 11% என்றால் 7,920. தள்ளுபடியே தராத கடையில்தான் பவுனுக்கு 720 ரூபாய் மிச்சம். அப்புறம் 3% ஜிஎஸ்டி. அது தங்கத்தோடு சேதாரமும் சேர்ந்த மொத்தத்துக்கு வரும், அதனால் 12-ஐயும் 3-ஐயும் கூட்டி 15% என்று மனக்கணக்குப் போட்டுக் காசு கொண்டுபோனால் பவுனுக்கு 259 ரூபாய் துண்டு விழும்.

ஜிஎஸ்டியைத் திருப்பிக் கழிப்பதிலும் இதே சிக்கல். 18% வரி சேர்த்து 1,180 ரூபாய் என்றால், வரி இல்லாத விலையைக் கண்டுபிடிக்க 1,180-இல் 18 சதவீதத்தைக் கழிக்கிறார்கள், 967 ரூபாய் 60 காசு என்று வருகிறது. அது தப்பு. வரி போட்டது அசல் விலையின் மேல், ஆகவே 1.18-ஆல் வகுக்க வேண்டும்; சரியாக 1,000 வரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, விலையே 10% குறையும் என்று பலர் நினைத்தார்கள். வரிக்கு முன் 30,000 ரூபாய் உள்ள ஏசி 38,400-லிருந்து 35,400 ஆகும். குறைந்தது 3,000, பழைய விலையில் அது 8 சதவீதம்கூட இல்லை.

சம்பளத்தில் 20% பிடித்துவிட்டு அடுத்த வருஷம் 20% ஏற்றினால் பழைய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். 30,000 முதலில் 24,000 ஆகி, பிறகு 28,800-இல் நிற்கும்.

கடன் விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே கவலை. ‘ரெண்டு வட்டி’ என்பது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24%. காதில் சின்னதாக விழுவதால் அதை 2 சதவீதம் என்றே எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்கடனில் சொல்லும் ஃபிளாட் வட்டி இன்னொரு ரகம். 60,000 ரூபாய்க்கு 10% ஃபிளாட், 2 வருஷம் என்றால் வட்டி 12,000, மாதத் தவணை 3,000. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசலும் அடைந்துகொண்டே வருகிறது, முதல் வருஷம் முடியும்போது பாதிக்கு மேல் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கும், இவர்களோ கடைசி மாதம் வரை முழு 60,000-க்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது வருஷத்துக்கு ஏறக்குறைய 18%. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ‘இது ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா?’ என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.