பழைய கோல்ட் விங்: ட்ரைக்காக மாற்றுவதா, மாற்றிய வண்டியை வாங்குவதா?

சிக்னலில் நிற்கிறீர்கள். பின்சீட்டில் துணைவி, மூன்று பெட்டியிலும் சாமான், கீழே 400 கிலோவைத் தாண்டிய வண்டி. இடது முழங்கால் தாங்க மறுக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹோண்டாவின் பெரிய நெடும்பயண பைக்கான கோல்ட் விங் ஓட்டுகிற பலருக்கு அதை ட்ரைக்காக, அதாவது மூன்று சக்கர வண்டியாக, மாற்றும் யோசனை வருவது இப்படித்தான். வண்டியை விற்க மனம் வராது, இரண்டு சக்கரத்தில் ஓட்ட உடம்பு விடாது.

எந்த வண்டி கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். 1988 முதல் 2000 வரை வந்த ஜிஎல் 1500 என்றால் மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். கார்புரேட்டர், டைமிங் பெல்ட், கால் நூற்றாண்டு கடந்த ரப்பர் குழாய்கள் என்று கவனிக்க வேண்டியவை ஏராளம். அதற்கான புது கிட், அதாவது மாற்றத்துக்கான பாகத் தொகுப்பு, தேடிப் பிடிப்பதும் கடினம். அந்த மாடல் பிடித்திருந்தால், முன்பே மாற்றப்பட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வாங்குங்கள். 2001 முதல் 2017 வரையிலான ஜிஎல் 1800 வேறு கதை. 1832 சிசி எஞ்சின், ஃப்யூயல் இன்ஜெக்ஷன், டைமிங் செயின், அலுமினியச் சட்டகம். உங்கள் கையிலேயே வளர்ந்த வண்டி, சர்வீஸ் கணக்கு முழுதாக இருக்கிறது என்றால் மாற்றுவது நியாயம்.

பணக் கணக்கு: கிட், கூலி, பெயிண்ட், முன்பக்க ரேக் வேலை (முன் ஃபோர்க்கின் சாய்வை மாற்றுவது) எல்லாம் சேர்ந்தால் 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். விற்கும்போது அந்தப் பணம் முழுதாகத் திரும்பாது. அதனால்தான் இன்னொருவர் செலவழித்து மாற்றிய, சில வருடம் ஓடிய ட்ரைக் வாங்குபவருக்கு லாபம். புதிதாகவே வேண்டும் என்றால் ஹார்லி தொழிற்சாலையிலேயே ட்ரைக் செய்கிறது, அதன் ட்ரை கிளைட் 2009 மாடலில் அறிமுகமானது. கேன்-ஆம் ஸ்பைடருக்கு இரண்டு சக்கரம் முன்னால். அதில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உண்டு, மாற்றிய ட்ரைக்கில் பொதுவாகக் கிடையாது. கோல்ட் விங் எஞ்சின்மேல் காதல் இல்லாதவர்கள் இந்த இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

கிட்டில் இரண்டு சாதி. ஒன்று, பின்சக்கரத்தை அப்படியே விட்டு இருபக்கமும் துணைச் சக்கரம் பூட்டுவது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். கழற்றிவிட்டுப் பழையபடி ஓட்டலாம் என்பது இதன் பலம். மேடுபள்ளத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி இழுவை போவது பலவீனம். இன்னொன்று முழு கிட்: ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பின்சக்கரம், ஹோண்டாவின் ஃபைனல் டிரைவ் (பின்சக்கரத்தைச் சுழற்றும் கியர் பெட்டி) எல்லாம் போய், டிஃபரென்ஷியலோடு (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) கூடிய அச்சும் ஃபைபர் உடலும் வரும். இதில் இரண்டு பின்சக்கரமும் ஒரே தண்டில் இருக்கும் வகை எளிமையானது, விலை குறைவு. சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் உள்ள வகை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது உடம்பைப் பக்கவாட்டில் உலுக்காது. முதுகுவலிக்காகத்தான் ட்ரைக் என்றால் இங்கே கஞ்சம் பார்க்காதீர்கள்.

பிரிப்பதற்கு முன் வண்டி எண்ணைப் போட்டு, கம்பெனி திரும்ப அழைத்துக் கோளாறு சரிசெய்யும் ரீகால் ஏதும் உண்டா என்று பாருங்கள். ஜிஎல் 1800-இல் இரண்டு ரீகால்கள் முக்கியம். தொடக்க வருட வண்டிகளில் சட்டக வெல்டிங் விரிசல். அடுத்தது, இடது முன் ஃபோர்க்கில் உள்ள, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் இணைக்கும் இரண்டாம் மாஸ்டர் சிலிண்டர். இதன் துவாரம் அடைத்தால் பின் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் சூடேறித் தீப்பிடிக்கும் அளவுக்கும் போகும். இந்தக் கோளாறோடு கிட்டைப் பூட்டினால் புதுப் பின் பிரேக்கும் அதே நெருப்பில் வேகும், பழி கிட்மேல் விழும். சோதிக்க எளிய வழி: பத்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி, தானாக வேகம் குறைந்து நிற்கவிடுங்கள். புறங்கையைப் பின் டிஸ்க் அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் பிரேக் இழுக்கிறது.

முழு கிட் பூட்ட, பழக்கப்பட்ட கடைக்கு இரண்டு மூன்று நாள் வேலை. வீட்டில் என்றால் இரண்டு பேர், ஒரு வாரம், எஞ்சினுக்கு அடியில் தூக்கும் லிஃப்ட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவோடு இறுக்கும் கருவி), அந்த வருடத்து சர்வீஸ் மேனுவல் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பின்சக்கரம் போனதும் வண்டி முன்பாரமாகச் சாயும். முன்சக்கரத்தைக் கட்டிவிட்டுத்தான் ஸ்விங் ஆர்ம் பக்கம் போகவேண்டும். ஸ்விங் ஆர்ம் வெளியே வந்த இந்த நேரம் பொன்னானது. டிரைவ் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்டைக் கையால் மடக்கிப் பாருங்கள், எங்கேயாவது பல் மாதிரிக் கடித்தால் இப்போதே மாற்றுங்கள். ஷாஃப்ட்டின் பள்ளப் பற்களான ஸ்ப்லைனில் பழைய கிரீஸைத் துடைத்து மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) பூசுங்கள். மேல் பிளாஸ்டிக் எல்லாம் கழன்றிருக்கும்போதே ஏர் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அதற்காகவே பின்னால் ஒருமுறை பிரிப்பது வீண் வேலை.

அச்சு ஏறியதும் டேப்பை எடுங்கள். ஸ்விங் ஆர்ம் பிவட்டின் (அது சட்டகத்தில் பூட்டும் இடத்தின்) மையத்திலிருந்து இடது சக்கர மையத்துக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு. இரண்டுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. இருந்தால் நேர் சாலையிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தின்னும். சாலை அதன் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் அமெரிக்காவில் கொஞ்சம் வலப்பக்கம் போவது இயல்பு. அதையும் கோணல் அச்சையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த அளவு.

பிரேக் குழாய்களை இணைத்ததும் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புது டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றி, மேனுவல் சொல்லும் வரிசையிலேயே காற்றெடுங்கள். முன்னும் பின்னும் இணைந்த பிரேக் என்பதால் வரிசை மாறினால் இரண்டாம் மாஸ்டர் சிலிண்டரில் குமிழி தங்கி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) உள்ள வண்டி என்றால் கிட் அதை என்ன செய்கிறது என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பல கிட்களில் அது வேலை செய்யாது. விளக்கு ஒயர்களில் கடித்துப் பிடிக்கும் கிளிப் போடாதீர்கள். அதற்குள் ஈரம் இறங்கி இரண்டாவது மழைக்காலத்தில் பிரேக் லைட் போகும். சால்டர் செய்து சுருங்கும் குழாய் போடுங்கள்.

அடுத்தது ரேக். செலவு மிச்சம் என்று பலர் தள்ளிப்போடுவதும், பிறகு தோள்வலியோடு திரும்பி வருவதும் இதற்காகத்தான். ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்தான் ட்ரெயில். கோல்ட் விங்கில் அது சுமார் 109 மில்லிமீட்டர். சாய்ந்து திரும்பும் வண்டிக்கு அது தேவை. ட்ரைக் சாயாது, முழுக்க ஹேண்டிலால்தான் திருப்பவேண்டும், அந்த ட்ரெயில் அப்போது உங்கள் தோளோடு மல்லுக்கு நிற்கும். ஃபோர்க்கைப் பிடிக்கும் ட்ரிபிள் ட்ரீயை 4 முதல் 6 டிகிரி கூடுதல் சாய்வுள்ளதாக மாற்றினால் ட்ரெயில் ஏறக்குறைய பாதியாகும், ஹேண்டில் இலகுவாகும். கூடவே ஹேண்டில் திரும்பும் இடத்தில் டேப்பர் ரோலர் ஹெட் பேரிங் போடுங்கள். ட்ரெயில் குறைந்த ட்ரைக் 20, 30 மைல் வேகத்தில் ஹேண்டிலை ஆட்டும். பேரிங் இறுக்கம் போதாதபோதும் முன் டயரில் காற்று குறைந்தபோதும் அந்த ஆட்டம் கூடும். வேலை முடிந்ததும் ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, குழாயோ கேபிளோ எங்கும் இழுபடவில்லை என்று கண்ணால் பாருங்கள்.

மாற்றியதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: ரேக் செய்திருக்கிறதா? பிறகு பின்பெட்டி மூடியின் கீல் ஓரங்களில் ஃபைபர் விரிசல், டிஃபரென்ஷியல் சீலில் எண்ணெய்க் கசிவு, டயரின் பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி, எல்லாம் பாருங்கள். ட்ரைக்கின் பின் டயர் தேயவே தேயாது. பத்து வயதுக் கிழட்டு ரப்பர் புதுசு போலப் பளபளக்கும். கிட் கம்பெனியின் தகடும் வரிசை எண்ணும் வேண்டும். அது இல்லாமல் பேரிங், பிரேக் பேட் எந்த அளவு என்று தேடி அலைவீர்கள். பதிவுச் சான்றில் மூன்று சக்கரம் என்று மாறியிருக்கிறதா, இன்ஷூரன்ஸ் அதை ஏற்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் மூன்று சக்கரத்துக்கென்று ஓட்டுநர் உரிமத்தில் தனி அனுமதியே உண்டு.

ட்ரைக்கின் பின்னால் இருப்பவை கார் டயர்கள், ஆனால் அவற்றில் கார் அளவுக்குக் காற்று அடிக்காதீர்கள். வண்டியின் பாரம் மிகக் குறைவு என்பதால் கிட் கம்பெனிகள் பொதுவாக 20 பிஎஸ்ஐயை ஒட்டியே சொல்வார்கள். 35 அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். முதல் 50 மைலில் வீல் நட்டுகளையும், 500 மைலில் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கம் பாருங்கள். வேகமானியை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள், டயர் சுற்றளவு மாறியதால் பிசகியிருக்கலாம். ரிவர்ஸ் ஸ்டார்ட்டர் மோட்டாரில்தான் ஓடுகிறது, இப்போது எடையும் கூடிவிட்டது. ஏற்றத்தில் நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்காதீர்கள்.

முதல் ஓட்டம் காலி பார்க்கிங்கில், 20 மைல் வேகத்துக்குள். வளைவுக்கு முன்பே வேகம் குறைத்து, உடம்பை உட்பக்கம் சாய்த்து, வெளிக்கையால் ஹேண்டிலைத் தள்ளுங்கள். அதிவேகத்தில் திருப்பினால் உட்பக்கச் சக்கரம் தரையை விடும். நிற்கும்போது காலை ஊன்றவே கூடாது. இத்தனை வருடப் பழக்கத்தில் கால் தானாக இறங்கும், பின்சக்கரம் அதன்மேல் ஏறும். மிதிபலகையிலிருந்து கால் எடுக்காமல் நிறுத்துவதையே அரை மணி நேரம் தனியாகப் பழகிவிட்டு, அதன் பிறகு சாலைக்குப் போங்கள்.