மாங்குயிலா? முதலில் தலையைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் மாங்குயில் பார்க்கக் காடு ஏற வேண்டியதில்லை. பலாவும் அயினியும் தென்னையும் நிற்கிற புரையிடம் (வீட்டைச் சுற்றிய தோட்டம்) ஏதாவது ஒன்றில், வெயில் ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் போதும், பெரும்பாலும் குரலாவது கேட்டுவிடும். பெயரில்தான் குயில், குயிலோடு எந்த உறவும் கிடையாது.

இங்கே தென்படுகிற மூன்று வகை மாங்குயிலும் மஞ்சள்தான், அதனால் மஞ்சளை விட்டுவிடுங்கள். தலையில் கறுப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

தலை முழுக்க, தொண்டையும் மேல்மார்பும் சேர்த்து, மையில் முக்கி எடுத்த மாதிரி கறுப்பாக இருந்தால் அது கருந்தலை மாங்குயில். அலகு இளஞ்சிவப்பு, கண்ணும் சிவப்பு. வருடம் முழுக்க இங்கேயே இருக்கிற பறவை இது, குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்ட ஓரங்களிலும் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், பெண்ணின் முதுகில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும்.

தலை மஞ்சளாக இருந்து, கண்ணில் மை தீட்டி அதைக் கண்ணுக்குப் பின்னாலும் கொஞ்சம் இழுத்து விட்டது போல ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தால், அது வெறும் மாங்குயில். பனிக்காலத்தில் வந்து போகிற விருந்தாளி. ஐரோப்பாவில் இருக்கிற இதன் சொந்தக்காரப் பறவைக்குக் கோடு கண்ணோடு நின்றுவிடும். இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் கோடு அகலப் பட்டையாகி, இரண்டு கண்ணிலிருந்தும் பின்னால் போய்ப் பிடரியில் சேர்ந்துகொண்டால் கரும்பிடரி மாங்குயில். அலகு தடிமன், மடித்த சிறகில் மஞ்சள் கூடுதல். இதுவும் பனிக்காலத்துப் பறவைதான், ஆனால் அபூர்வம், அதனால் பிடரியைப் பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள்.

சரி, இதுவரை எளிது. குழப்புவது குஞ்சுகளும் பெண்களும். ஒருமுறை வீட்டு அயினி மரத்தில், நெற்றி மஞ்சளாக, தலை கறுப்பும் மஞ்சளும் கலந்து, வெள்ளைத் தொண்டையில் கறுப்புக் கீற்றுகளோடு ஒரு பறவை பழம் கொத்திக்கொண்டிருந்தது. அலகு சிவப்பில்லை, கறுப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். புது இனமே கிடைத்துவிட்டது என்று நான் குதித்ததைப் பார்த்துச் சித்தப்பா சொன்னார்: "லேய் மக்கா, அது அதுக்க குஞ்சுல்லா." பக்கத்துக் கிளையில் கருந்தலைத் தாய் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

வெறும் மாங்குயிலின் பெண்ணும் குஞ்சும் வேறு மாதிரி. மேலே பச்சை கலந்த மஞ்சள், கீழே வெளுப்பு, அதில் மெல்லிய கருங்கீற்றுகள் மார்பிலிருந்து வயிறு வரை இறங்கும். கருந்தலைக் குஞ்சுக்குக் கீற்று தொண்டையோடும் மேல்மார்போடும் நின்றுவிடும், வயிறு சுத்த மஞ்சள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

மாம்பழச்சிட்டையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். அதுவும் மஞ்சளும் கறுப்பும்தான், ஆனால் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும்; மாங்குயில் 25 செ.மீ., ஏறக்குறைய மைனா அளவு.

எதிர்வெயிலில் பார்க்காதீர்கள், எல்லாத் தலையும் கறுப்பாகத்தான் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்புறம், யாரிடமாவது காட்டிக் கேட்கப் படம் எடுப்பதாக இருந்தால் தலை பக்கவாட்டில் விழுகிற மாதிரி ஒன்று, வயிறு தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். இலைக்குள் பாதி மறைந்த மஞ்சள் வாலை மட்டும் அனுப்பினால், "மாங்குயில்தான்" என்பதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.