ஓடைக்கரையை மீட்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு

சாலையை அகலப்படுத்தினாலும் பாலம் கட்டினாலும் முதலில் அடிபடுவது ஓடைக்கரைப் பசுமைதான். ஈடாக, வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று கணக்கு எழுதுவார்கள். அந்தப் பத்தும் பெரும்பாலும் வேறெங்கோ சாலையோரத்தில் வரிசை கட்டி நிற்கும். மீன்கொத்திக்கும் ஆமைக்கும் அதனால் என்ன பயன்? கரை போன ஓடையிலேயே, கொஞ்சம் மேலேயோ கீழேயோ, ஈடு செய்வதுதான் முறை. தமிழகச் சமவெளி ஓடையில் அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1. அனுமதி

ஓடை பொதுவாகப் புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்து எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் தூர்வார வரும் பொக்லைன் உங்கள் கன்றையும் சேர்த்து வாரிவிடும்.

2. கெடாத கரையைத் தேடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஓடையோடு மேல்நோக்கி நடங்கள். கோயிலை ஒட்டியோ பாறை இடுக்கிலோ பழைய கரை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அங்கே என்ன நிற்கிறது, தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கரை என்பது ஒரே இடம் இல்லை, மூன்று படி.

அடிக்கரை வெள்ளத்தில் முழுகும். அங்கே நாணல், கோரை, வெட்டிவேர், தாழை. நடுக்கரையில் எப்போதாவதுதான் தண்ணீர் ஏறும். நீர்மருது, நாவல், அத்தி, புங்கை, இடையிடையே நொச்சி அங்கே வரும். மேல்கரை காய்ந்த மண். இலுப்பை, வேம்பு, புளி தாங்கும். வேம்பைக் கொண்டுபோய் அடிக்கரையில் வைத்தால் அழுகும், நாணலை மேலே வைத்தால் கருகும். நட்டது பிழைக்கவில்லை என்று மண்ணைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் படி மாற்றி நட்டவர்கள்தான்.

நீர்மருதை அடையாளம் காண்பது எளிது. பட்டை வெளிறி வழுவழுப்பாக, செதில் செதிலாக உரியும். கீழே கிடக்கும் காயைக் கையில் எடுத்தால் நீளவாட்டில் ஐந்து இறக்கை இருக்கும்.

3. விதையும் கன்றும்

கூடியவரை அதே ஓடைக்கரை மரங்களிலிருந்து விதை எடுங்கள். நாவல் விதை காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற கையோடு பையில் ஊன்றிவிட வேண்டும். மருதங்காயை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அப்புறமும் முளைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், பொறுமை வேண்டும். புங்கைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. நொச்சியைக் குச்சி வெட்டி நட்டாலே போதும். நாணலையும் வெட்டிவேரையும் தூர் பிரித்து நடலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். பைக்குள் வேர் சுருண்டுபோன பெரிய கன்றைவிட முழங்கால் உயரக் கன்று நல்லது. குல்மோகர், தூங்குமூஞ்சி வேண்டாம், அழகாக இருந்தாலும் சரி.

4. சீமைக்கருவேலத்தை எடுப்பது

நடப்போகும் கரையில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். ஆனால் மொத்தக் கரையையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள். அடுத்த மழையில் மண் சரியும். பத்தடி, இருபதடி என்று துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நடுங்கள். மேலே வெட்டினால் துளிர்க்கும், அடித்தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். வெட்டிய முள்ளையே ஆட்டுக்கு வேலியாகப் போடலாம். ஆனால் நெற்றை உதறிவிட்டுப் போடுங்கள். ஆடு நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையையும் கரையெல்லாம் பரப்பிவிடும்.

5. நடும் காலம்

வடகிழக்குப் பருவமழை நம்பும் ஊர்களில் மேல்கரைக்கும் நடுக்கரைக்கும் அக்டோபரில், மண் நன்றாக நனைந்ததும் நடுங்கள். அடிக்கரைக்கு அவசரம் வேண்டாம். நவம்பர் வெள்ளம் புதுத் தூரை அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் வடிந்தபின் டிசம்பர், ஜனவரியில் ஈர மண்ணில் ஊன்றினால் அடுத்த வெள்ளத்துக்குள் வேர் பிடித்துவிடும்.

மரங்களுக்கு ஒன்றரை அடி குழி, பத்தடி இடைவெளி. நெருக்கமாக இருக்கிறதே என்று தோன்றலாம். கிளைகள் கோத்துக்கொள்ளத்தான் அப்படி. ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக் கரைக் காட்டில் வாழும் சாம்பல் நிற அணில், தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவிப் போகும் பிராணி. நடுவில் இடைவெளி விழுந்தால் அது இறங்கித்தான் ஆக வேண்டும், நாயிடம் சிக்கும். உங்கள் ஓடையில் அந்த அணில் இல்லாவிட்டாலும், கிளைகள் கோத்துக்கொண்டால் நிழல் விழும், தண்ணீர் குளிரும், உதிரும் இலை நீர்ப்பூச்சிகளுக்கு உணவாகும், அதை நம்பி மீன் வரும். பழைய மரத்தின் பொந்தை மட்டும் எந்தக் கன்றாலும் இப்போதைக்குத் தர முடியாது. அதனால் ஆந்தையும் கிளியும் குடியிருக்கும் கிழட்டு மரத்தை வெட்டாமல் சாலையை வளைக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

6. பிறகு மூன்று ஆண்டு

முதல் இரண்டு கோடையில் மேல்கரைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். தூரைச் சுற்றிக் களை எடுத்துக் காய்ந்த சருகைப் பரப்புங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எத்தனை பிழைத்தது என்று எண்ணுங்கள், செத்த இடத்தில் எந்தப் படி என்று பார்த்து மறுபடி நடுங்கள். சீமைக்கருவேலம் மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடுங்கள். இடுப்பளவு வளரவிட்டால் கடப்பாரைதான்.