லினக்ஸ் தானியங்கி நிறுவல்: கருத்து அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி ஆய்வகங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் சிரமத்தை, அதன் வகைகளான டெபியனின் பிரிசீட், ரெட்ஹாட் குடும்பத்தின் கிக்ஸ்டார்ட், உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டால் ஆகிய தானியங்கி நிறுவல் வசதிகள் பெரிதும் குறைத்திருக்கின்றன. நிறுவலை நடத்தும் மென்பொருளான நிறுவி கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை ஒரே கோப்பில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் வேலை நடுவில் நின்றுவிட்டால், கருவியை உருவாக்குபவர்களுக்குப் போகும் கருத்து பெரும்பாலும் "தானியங்கி நிறுவல் வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அதே பிழையைத் தம் கணினியில் வரவழைத்துப் பார்க்க முடியாதவரை அவர்களால் அதைத் திருத்த இயலாது.

திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பழைய சாட்டா வட்டுக் கணினிகளும் புதிய என்விஎம்இ வட்டுக் கணினிகளும் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விடைக்கோப்பில் வட்டின் பெயர் 'எஸ்டிஏ' என்றிருந்தால் பழையவற்றில் நிறுவல் ஒழுங்காக முடியும். புதியவற்றிலோ வட்டின் பெயர் 'என்விஎம்இ0என்1'. செருகியிருக்கும் பென்டிரைவே 'எஸ்டிஏ' ஆகிவிடக்கூடும் என்பதால், நிறுவி அதைப் பகுதிகளாகப் பிரிக்க முனைந்து நின்றுபோகும். இதைச் "சில கணினிகளில் மட்டும் பிழை" என்று எழுதினால் காரணமே மறைந்துவிடும். எந்த வகை வட்டு, கணினியைத் தொடக்கும் மென்பொருள் யூஇஎஃப்ஐயா பழைய பயாஸா, பென்டிரைவில் தொடங்கியதா பிணையம் வழியாகத் தொடங்கியதா, நிறுவியின் பதிப்பு எது என்பவற்றை எழுதியே ஆக வேண்டும். உடனே ஒரு தீர்வை வற்புறுத்துவதைவிட, "வட்டுகளின் பெயர் மாறினாலும் ஒரே கோப்பு எல்லாக் கணினிகளுக்கும் பொருந்த வேண்டும்" என்று தேவையைச் சொல்வதே நல்லது. நாம் கேட்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறதா என்றும் ஆவணத்தில் பார்த்துவிட வேண்டும்; ஆட்டோஇன்ஸ்டாலில் வட்டை அதன் அளவைக் கொண்டே தேர்ந்தெடுக்க முடியும்.

அடுத்த தவறு, நிறுவலின்போது நடந்தவற்றைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பை எடுக்காமலேயே கணினியை அணைத்துவிடுவது. நிறுவல் நடக்கும்போது அந்தப் பதிவு நினைவகத்தில்தான் இருக்கிறது, அணைத்தால் போய்விடும். டெபியனின் எழுத்து முகப்பில் ஆல்ட்டையும் எஃப்4 விசையையும் சேர்த்து அழுத்தினால் அது திரையில் ஓடுவதைக் காணலாம், நிறுவியின் பட்டியலிலிருந்தே சேமிக்கவும் செய்யலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் நிறுவலைத் தொடங்கி, அது பாதியில் நின்றதைக் கருவியின் குறையாக எழுதுவது முறையன்று.

விடைக்கோப்பை இணைக்கும்போது கடவுச்சொல்லை நீக்கிவிட வேண்டும்; மறையாக்கம் செய்யப்பட்டதாக இருந்தாலும் நீக்கவே வேண்டும். எழுத்துப்பிழையை நிறுவியின் பிழையாகக் கருதாமலிருக்க, கிக்ஸ்டார்ட் கோப்பைக் கேஎஸ்வேலிடேட்டர் என்ற கருவியைக் கொண்டு முதலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரே மடலில் பல குறைகளைக் கொட்டுவதும் வேண்டாம். அவை ஒவ்வொன்றையும் திருத்துபவர் வேறாக இருக்கலாம். மொழி பற்றிய குறையைத் தனியாகவே அனுப்புங்கள். டெபியன் நிறுவியில் தமிழ் உண்டு, ஆனால் வரைகலை முகப்பில்தான் கிடைக்கும். எழுத்து முகப்பில் தேடிவிட்டுத் தமிழே இல்லை என்று எழுதினால் மொழிபெயர்த்தவர்களின் உழைப்புக்கு அது நியாயமாகாது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் எழுத ஒன்றுமில்லை என்று நினைப்பதும் தவறே. டெபியன் தனது நிறுவல் அறிக்கைகளில் வெற்றிகரமான நிறுவல்களையும் கேட்டுப் பெறுகிறது. எந்தக் கணினியில், எந்தப் பதிப்பு தடையின்றி நிறுவப்பட்டது என்பதை மதுரையிலிருந்தும் நாம் எழுதி அனுப்பலாம்.