சேற்றுப் பள்ளத்துக் கொம்பன்: மலைக்காட்டில் மூத்த மானைத் தேடும் வழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் மீது கை வைத்தால் ஜெயில்தான், அதனால் இதைப் படித்துவிட்டு ஊர்ப்பக்கம் யாரும் எதையும் முயல வேண்டாம். நான் எழுதுவது அமெரிக்காவில், வட பென்சில்வேனியாவின் பாட்டர் கவுண்டி மலைகளைப் பற்றி. இங்கே வெள்ளைவால் மான் வேட்டை என்பது உரிமம் வாங்கிச் செய்கிற பருவ வேலை, பக்கத்து வீட்டுத் தாத்தாவும் செய்வார், பள்ளிக்கூடம் போகும் அவர் பேத்தியும் செய்வாள்.

இந்த மலைகளில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே இடத்தைச் சுற்றி மூன்று ஆறுகளின் தலைநீர் பிரிகிறது: அலெகேனி மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு, ஜெனிசீ வடக்கே ஒன்டாரியோ ஏரிக்கு, மூன்றாவது சஸ்குவஹானா வழியாகக் கிழக்கே செசபீக் விரிகுடாவுக்கு. தலைநீர்ப் பகுதி என்பதால் சரிவெல்லாம் ஊற்று, ஊற்று கசிகிற இடமெல்லாம் சின்னச் சின்னச் சதுப்பு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், மிஞ்சினால் இரண்டு. வயதான ஆண் மான் பகலில் படுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களை ஒட்டித்தான், ஏனென்றால் ஷூ நனையும் என்று ஆட்கள் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

படி 1: காகித வேலை

முதல்முறை உரிமம் வாங்குபவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வில் பருவத்துக்கு வில் உரிமம் தனி, அதில் கிராஸ்போவும் (விசை வைத்த குறுக்கு வில்) செல்லும். 2002இலிருந்து கொம்புக்கும் கணக்கு உண்டு, மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது 3 முனை இருந்தால்தான் பெரியவர்கள் சுடலாம், மேற்கில் சில பகுதிகளுக்குக் கணக்கு வேறு. துப்பாக்கிப் பருவத்தில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சுத் துணி கட்டாயம். விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி விஷயத்தில் ஃபெடரல் சட்டம் தனி, தொடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

படி 2: வரைபடத்தில் தேடுங்கள்

சமஉயரக் கோடுகள் நெருக்கமாக வந்துகொண்டிருக்கும்போது நடுவில் திடீரென்று அகலும் பாருங்கள், சரிவின் பாதியில் ஒரு திண்ணை மாதிரி. அங்கேதான் ஊற்று தேங்கும். பெரிய சதுப்பு எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். பீவர் என்ற கொறிவிலங்கு கட்டிய பழைய அணை உடைந்து புல் மண்டிய இடம், ஆல்டர் புதர் அடர்ந்த ஓடைத்தலை, இவற்றில் ஒரு ஐந்தைக் குறித்துக்கொண்டால் போதும். இங்கே சஸ்குவஹானக் மாநிலக் காடு மட்டுமே சுமார் 2.65 லட்சம் ஏக்கர், பொதுநிலத்துக்குப் பஞ்சமில்லை.

படி 3: மார்ச்சில் நடந்து பாருங்கள்

பருவம் முடிந்து, பனி கரைந்து, புல் முளைக்கும் முன். இப்போது மானைக் கலைத்தாலும் நஷ்டமில்லை. சேற்றில் தடம், தொடை பருமனான மரத்தில் கொம்பு உரசிய காயம், தாழ்ந்த கிளைக்கு அடியில் காலால் கீறிய வெறும் மண், இவற்றை எல்லாம் பாருங்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தேட வேண்டியது படுக்கையை. நான் முதலில் கண்டது சதுப்பின் நடுவே, விழுந்த ஹெம்லாக் மரத்தின் வேர்மண் மேட்டில், ஒரு சாக்கு விரித்த அளவு காய்ந்த இடம். இலைகள் நீள்வட்டமாக அமுங்கிக் கிடந்தன, குனிந்து பார்த்தால் நுனி கறுத்த சாம்பல் நிற முடி, உள்ளே குழல் மாதிரி, வளைத்தால் மடிந்து நின்றது. அந்தக் குழியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்கு வேர், முன்னால் 60 அடிக்குத் தண்ணீர். யார் வந்தாலும் சளக் சளக் என்று கேட்கும். கிழவனுக்கு இதைவிட நல்ல வாசல்மணி எங்கே கிடைக்கும்?

படி 4: காற்று, காற்று, காற்று

இதில்தான் புதியவர்கள் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். வானிலை ஆப் மேற்குக் காற்று என்று சொல்லும், அது முகட்டுக்கு மேலே ஓடுகிற காற்று. பள்ளத்துக்குள் நடப்பது வேறு. வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று மேலே ஏறும், சாயங்காலம் நிழல் விழுந்ததும் குளிர்ந்து கனத்துக் கீழே வழியும், வழிந்து எங்கே போய்த் தேங்கும் என்றால் தண்ணீர் தேங்குகிற அதே பள்ளத்தில். என் இரண்டாம் வருடம் சதுப்புக்கு மேல்பக்கம் அருமையான மரத்தில் பரண் கட்டினேன், மதியம் முழுக்கக் காற்று முகத்தில் அடித்தது, மகிழ்ச்சி. நாலே முக்காலுக்கு வெயில் முகட்டுக்குப் பின்னால் போனது, ஐந்தே நிமிடம், என் வாசனை மொத்தமும் கூடையில் கொட்டினமாதிரி சதுப்புக்குள் இறங்கியது. புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு உரத்த சீற்றல். மானைப் பார்க்கக்கூட இல்லை.

இதற்கு மருந்து பஞ்சு. இங்கே மில்க்வீட் என்று ஒரு செடி, நம் ஊர் எருக்கின் குடும்பம்தான், காயைப் பிளந்தால் அதே எருக்கம்பஞ்சு. நாலைந்து இழையை விட்டுப் பாருங்கள், 100 கெஜம் தள்ளி அது எங்கே திரும்புகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணால் காணலாம். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, வெயில் மறையும்போது ஒருமுறை. காற்றுப் பார்க்க என்று விற்கிற பவுடர் டப்பாவை வாங்காதீர்கள், அது மூன்று அடியில் மறைந்துவிடும்.

படி 5: உட்காரும் இடம்

காலை என்றால் சதுப்புக்கு மேலே, காற்று ஏறத் தொடங்கியபின் உங்கள் வாசனை முகட்டுக்குப் போகும். சாயங்காலம் என்றால் கீழே, சதுப்பிலிருந்து ஓடை வெளியேறும் வாய்ப்பக்கம், வாசனை ஓடையோடு இறங்கிப் போய்விடும். வருவதும் போவதும் ஓடைக்குள்ளேயே, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. நவம்பரின் முதல் இரண்டு வாரம் பொன்னானது, இணை தேடும் ஆண் மான் சதுப்புக்குள் நுழையாமல், காற்று வெளிவரும் ஓரத்தில் நடந்தே உள்ளே பெண் மான் இருக்கிறதா என்று மோந்துவிட்டுப் போகும். அந்த ஓரத்திலிருந்து 20 கெஜத்தில் இருங்கள். பரணில் ஏறினால் தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே பாதுகாப்புப் பட்டையை மாட்டுங்கள், மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பவர்கள்தான் விழுகிறார்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் உட்கார்ந்தால், அப்புறம் அந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

படி 6: வயது பார்ப்பது, அம்பு விடுவது

கொம்பைப் பார்க்காமல் உடம்பைப் பாருங்கள். ஒன்றரை வயது மான் கொம்பு வைத்த பெண் மான் மாதிரி ஒல்லியாக, கால் நீளமாக இருக்கும். நாலு வயது தாண்டியதற்குக் கழுத்து தோளோடு ஒன்றாகிவிடும், வயிறு தொங்கும், அதனால் கால் குட்டை போலத் தெரியும். மான் பக்கவாட்டில் நின்றால் மட்டும் அம்பை விடுங்கள், தோளுக்குச் சற்றுப் பின்னால். விட்டதும் இறங்கி ஓடாதீர்கள், குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். வயிற்றில் பட்டிருக்கும் என்று தோன்றினால் பல மணி நேரம், இல்லாவிட்டால் அது எழுந்து சதுப்புக்குள் போய்விடும், தண்ணீரில் ரத்தத்தடம் தேடுவது பெரிய பாடு.

மான் கிடைத்ததும் அந்த இடத்திலேயே டேக் (உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டு) எழுதிக் கட்டுங்கள். இந்த மாநிலத்தில் 2012இலிருந்து மானுக்கு வரும் ஒரு மூளை நோய் இருக்கிறது, நோய்ப் பகுதி என்று அறிவித்த இடமானால் தலையையும் தண்டுவடத்தையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, தலைக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். சமைக்கும்போது மான் கொழுப்பை முழுக்கச் சீவி எறியுங்கள், ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி மிளகு வறுவல் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், நவம்பரிலும் கடிக்கும்.