தோடர் பூவேலையும் வர்த்தக ஒப்பந்தமும்: மனு எழுதும் முறை

நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூவேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அது காப்பது பெயரைத்தான்; சிவப்பு, கறுப்பு நூல் கோலத்தை அல்ல. அதே கோலத்தைத் துணியில் அச்சடித்து, வேறு பெயரில் இறக்குமதி செய்தால் அந்தச் சட்டம் தடுக்காது. ஆகவே வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போதே ஒன்றிய வணிகத் துறைக்கு மனு போக வேண்டும். கையெழுத்தான பின் ஒரு வரியை மாற்றுவதுகூடக் குதிரைக்கொம்பு.

முதலில் உள்நாட்டுப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சொந்த நாட்டில் பாதுகாப்பு இழந்த குறியீட்டைப் பிற நாடு காக்கத் தேவையில்லை என்கிறது டிரிப்ஸ் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம்) பிரிவு 24.9. புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் இதே விதிதான்.

மனுவில் "பண்பாட்டைக் காக்கவும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். பெயரை ஒப்பந்த இணைப்புப் பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள். டிரிப்ஸ் 22ஆம் பிரிவின்படி வாங்குபவர் ஏமாறுவதை நிரூபிக்க வேண்டும். 23ஆம் பிரிவு அதைக் கேட்பதில்லை, ஆனால் அது ஒயினுக்கும் காய்ச்சி வடித்த மதுவுக்கும் மட்டுமே. (பூவேலை என்ன பாவம் செய்தது?) 23க்கு இணையான காப்பைக் கோருங்கள்.

ஒப்பந்தத்தின் சேவை அத்தியாயம் எதிர்மறைப் பட்டியலா என்று கவனியுங்கள். அதில் விலக்காக எழுதாத துறை திறந்ததாகிவிடும். திரைப்படம், ஒலிபரப்பு, கைவினை மானியம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி விலக்கச் சொல்லுங்கள்.

பண்பாட்டுப் பன்மையைக் காக்கும் யுனெஸ்கோவின் 2005 உடன்படிக்கையை மட்டும் நம்பாதீர்கள். அதன் 20ஆம் பிரிவே பிற ஒப்பந்தக் கடமைகளை மாற்றாது என்கிறது. விலக்கு வர்த்தக ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.